ஆறாம் இலக்கம்

நமது கல்லூரியை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகளின் பின்னர், 2017 ஆகஸ்டில், ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றேன். அதே ஆண்டு அங்கே முதலாம் வருட மாணவராகச் சேர்ந்தவர் ஃபுட்போல் ஆட்டக்காரர் டிவோன்டா ஸ்மித். ஒரு நாளேனும் அவருடன் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. எனினும் அப்பல்கலைக்கழகம் அமைந்த டஸ்கலூசா நகரத்து நாட்களைப் பற்றி மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, ஆறாம் இலக்கச் சட்டையுடன் ஓடிய அந்த மெலிந்த உருவமே முதலில் கண்முன் வந்து நின்றது.

அங்கே ஃபுட்போல் எனப்படுவது நமது மைதானத்தில் நாம் ஆடிய உதைபந்தாட்டம் அன்று. பத்து யார் முன்னேற ஓரணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. குவாட்டர்பேக் எறியும் பந்தை, எதிரணியினரை விலக்கி ஓடிப்போய் ஏந்துபவரே ரிசீவர். டஸ்கலூசாவின் சனத்தொகையும் அங்குள்ள பிரையன்ட்-டெனி மைதானத்தின் இருக்கைகளும் ஏறத்தாழ ஒரே தொகை, அதாவது ஓர் இலட்சம் என்று சொன்னால், அந்த ஊருக்கு இந்த ஆட்டம் எத்தகையது என்பது விளங்கும். பயிற்றுநர் நிக் சேபனின் கீழ் 2009, 2011, 2012, 2015 ஆகிய பருவங்களில் தேசியக் கிண்ணத்தை வென்றிருந்த அணி அது. அங்கே புதிதாக வருபவர் எவரும் காத்திருந்துதான் ஆக வேண்டும். ஸ்மித்தும் காத்திருந்தார்; முதற் பருவம் முழுவதிலும் அவர் ஏந்திய பந்துகள் எட்டு மாத்திரமே.

அந்த எட்டில் ஒன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் ஜோர்ஜியாவுக்கு எதிரான இறுதியாட்டம். இடைவேளையில் 13-0 எனப் பின்தங்கியிருந்த நிலையில், அதுவரை குவாட்டர்பேக்காக அணியை நடத்திவந்த ஜேலன் ஹேர்ட்ஸை அமர்த்திவிட்டு, முதலாம் வருட மாணவரான துவா டங்கோவைலோவாவைச் சேபன் இறக்கினார். ஆட்டம் சமநிலைக்கு வந்து மேலதிக நேரத்துக்குச் சென்றது. அங்கே ஜோர்ஜியா மூன்று புள்ளிகள் முன்னே நிற்க, எங்கள் அணியின் முதல் முயற்சியிலேயே துவா 16 யார் பின்னால் வைத்து மடக்கப்பட்டார். நாங்கள் நால்வர் ஒரு சிறிய தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். எனக்கு விதிகளைச் சொல்லித்தந்துகொண்டிருந்த அறைத்தோழன் தலையில் கை வைத்துவிட்டான். துவா வலப்புறம் பார்த்துக் காவலரை அங்கே இழுத்துவிட்டு, சட்டென்று இடப்புறம் திரும்பி எறிந்தார். கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்த ஸ்மித் வேகத்தைச் சற்றும் குறைக்காமல், தோளுக்கு மேலாக வந்த பந்தைக் கைகளில் வாங்கி எல்லைக்குள் போய்விட்டார். 41 யார், 26-23. அன்றிரவு தெருவெல்லாம் மாணவர் வெள்ளம்.

நான் அவரிடம் பெரிதாக மதிப்பது அதற்குப் பின்னர் நடந்தவற்றையே. ஒரே எறிதலில் நாடு முழுவதும் பெயர் பெற்ற இளைஞர், அடுத்த இரண்டு பருவங்களும் ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், ஜேலன் வாடில் ஆகியோருடன் பந்தைப் பகிர்ந்துகொண்டு ஆடினார். 2019 செப்டெம்பரில் மிசிசிப்பிக்கு எதிராக அவர் 274 யார் ஓடி ஐந்து டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் சேர்வது) பெற்றபோது, வெயில் கொளுத்திய மாணவர் படிக்கட்டில் நின்று கண்ணால் கண்டவன் நான். ஒவ்வொரு முறையும் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு அமைதியாகத் திரும்பி வந்தார். அப்பருவ முடிவில் ஜூடியும் ரக்ஸும் தொழில்முறை அணிகளுக்குச் செல்ல, தானும் போயிருக்கக்கூடிய ஸ்மித் நான்காம் ஆண்டுக்காகத் தங்கினார்.

2020 பெருந்தொற்று ஆண்டு. மைதானத்தில் ஐந்திலொரு பங்கினருக்கே அனுமதி. மீதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒக்டோபரில் வாடில் காயமடைந்ததும் பாரம் முழுவதும் ஸ்மித்தின் தோளில் விழுந்தது. அவருடைய எடையோ ஏறத்தாழ 175 இறாத்தல். அந்த ஆட்டத்துக்கு இது மிகக் குறைவு. அந்த உடம்போடு அவர் அப்பருவத்தில் 117 பந்துகள் ஏந்தி, 1,856 யார் கடந்து, 23 டச்டவுன் பெற்றார். 2021 ஜனவரியில், விழா மண்டபம் எதுவுமின்றி ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது இணையவழியே அவருக்கு அறிவிக்கப்பட்டது. 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்ட் பெற்றதன் பின் அவ்விருதை வென்ற முதல் ரிசீவர் அவரே. உடல் சிறிதென்று ஒதுக்கப்படும் பிள்ளைகள் முயற்சியைக் கைவிடக்கூடாதென்று அவர் தம் ஏற்புரையில் சொன்னபோது, சிறுவயதில் மெலிவைக் காரணங்காட்டி அணியிலிருந்து விலக்கப்பட்ட எனக்குக் கண் கலங்கிற்று. ஆறு நாட்களின் பின் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான இறுதியாட்டத்தில், முற்பாதியிலேயே 12 பந்துகள், 215 யார், மூன்று டச்டவுன். பிற்பாதித் தொடக்கத்தில் விரல் பிசகி அவர் வெளியேறியபோது ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது; இறுதியில் 52-24.

அணித்தலைவர்களின் கைத்தடமும் காலணித்தடமும் டெனி மணிக்கூண்டின் அடியில் சீமெந்தில் பதிக்கப்படுவது அங்குள்ள வழக்கம். ஊரை விட்டுப் புறப்படுமுன் ஒரு காலையில் அங்கே சென்று, குந்தியிருந்து, ஸ்மித்தின் தடத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். சீமெந்து பனியில் குளிர்ந்திருந்தது.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். 2025 பெப்ரவரியில், அவர் பிறந்த லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிலடெல்பியா அணிக்காக அவர் தொழில்முறை அணிகளின் இறுதியாட்டமான சூப்பர் போல் ஆட்டத்தில் இறங்கியபோது, பழைய அறைத்தோழனும் நானும் தொலைபேசியை வைக்காமலே பார்த்தோம். மூன்றாம் கால்பகுதியில் 46 யார் நீளத்துக்கு ஒரு பந்து உயர்ந்து வந்தது. ஸ்மித் அதை எல்லைக்குள் ஏந்தினார். எறிந்தவர் ஜேலன் ஹேர்ட்ஸ், அட்லாண்டாவில் அன்றிரவு இடைவேளையோடு அமர்த்தப்பட்டவர். மறுமுனையில் தோழன் அழுதுகொண்டிருந்தான்.