காலி வீதியை விட்டு விலகி, கதிர்காமத்துக்கு ஹைவேயில்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்குக் காலி வீதி என்றால் புடவைக்கடை, நகைக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை, பிள்ளைகளின் டியூஷன். அந்த வீதியின் மற்றத் தலைப்பில் காலி என்று ஒரு ஊர் இருப்பது பெயர்ப்பலகையோடு சரி. தெற்குப் பக்கம் போக எங்கள் ஆட்களுக்குப் பெரிதாக ஒரு காரணமும் இருக்கவில்லை, கதிர்காமத்தைத் தவிர. அதற்கும் முந்தி இரண்டு வழி. ஒன்று, இதே காலி வீதியைப் பிடித்துக் கடலோரமாகக் காலி, மாத்தறை, தங்காலை, அம்பாந்தோட்டை என்று போவது. மற்றது இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய என்று உள்ளால் சுற்றுவது. எந்த வழியில் போனாலும் விடியமுதல் வெளிக்கிட வேண்டும், வழியில் இரண்டு இடத்தில் சாப்பாட்டுப் பார்சல் அவிழ்க்க வேண்டும், வானில் யாராவது ஒரு பிள்ளைக்குச் சத்தி வர வேண்டும்.

இப்போது அந்தக் கதை மாறிவிட்டது. கொட்டாவையில் ஏறினால் மத்தல வரை 222 கிலோமீட்டர் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. இந்த முறை அம்மா, அக்கா குடும்பம், நான் எல்லோரும் அத்தானின் வானில் கதிர்காமம் போனோம். கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த றோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

கொட்டாவைக்குப் போய்ச் சேர்வதுதான் பயணத்தின் கஷ்டமான பகுதி. ஹைலெவல் வீதியில் நுகேகொடையையும் மஹரகமவையும் தாண்டுவதற்குள் அத்தானின் பொறுமை பாதி கரைந்துவிட்டது. சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு மாகும்புர பஸ் நிலையம் இருக்கிறது, இன்டர்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே. காலிக்கும் மாத்தறைக்கும் ஹைவே பஸ் அங்கிருந்து கிடைக்கும். வத்தளை, களனிப் பக்கத்து ஆட்கள் நகரத்துக்குள் வரத் தேவையில்லை. கெரவலப்பிட்டியவில் இருந்து கடவத்தை, கடுவெல வழியாகக் கொழும்பைச் சுற்றி வரும் வெளிவட்ட வீதி கொட்டாவையில் வந்து இதோடு சேர்கிறது. அது 2014, 2015, 2019 என்று மூன்று துண்டாகத் திறக்கப்பட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் ஒருவர் ஒரு சிக்னல் விளக்கிலும் நிற்காமல் காலி வரை போகலாம். வெள்ளவத்தையில் இருந்து காலிக்குப் போகிறவர்தான் எல்லா விளக்கிலும் நிற்கிறார்.

வாயிலில் ஒரு டிக்கட் தருவார்கள். எங்கே இறங்குகிறோமோ அங்கே அதைக் கொடுத்துத் தூரத்துக்கு ஏற்பக் காசு கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் அனுமதி இல்லை. கூடிய வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். 2025 செப்டம்பரில் இருந்து பின் சீட்டில் இருக்கிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம். அம்மாவுக்குப் பெல்ட் மாட்டிவிடக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சாமி பார்க்கப் போறவளைக் கட்டிப்போட்டே கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்டபடியே வந்தார்.

நாட்டின் முதல் அதிவேக நெடுஞ்சாலை இது. திட்டம் 1990களிலேயே இருந்தது, கட்டுமானம் 2003இல் தொடங்கியது, கொட்டாவையில் இருந்து காலிப் பக்கம் பின்னதூவ வரையான பகுதி திறக்கப்பட்டது 2011 நவம்பர் 27இல். காசு எங்கள் காசு இல்லை. குருந்துகஹஹெதெக்ம வரை ஜப்பான் கடன், அதற்கு அப்பால் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். பிறகு மாத்தறைக்கு நீட்டியபோதும் அம்பாந்தோட்டைக்கு நீட்டியபோதும் சீனாவின் எக்சிம் வங்கி. ஒரே றோட்டில் ஓட ஓடக் கடன்காரர் மாறிக்கொண்டே போகிறார். தார் மட்டும் ஒரே நிறம்.

கஹதுடுவ தாண்டி கெலனிகம வரும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லி அத்தானிடம் கேட்டேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, வயலும் தென்னையும்தான். ஆனால் இந்த றோட்டின் சரித்திரத்தில் எனக்குப் பெரிதாகப் படும் இடம் இதுதான். முதலில் வரைந்த பாதைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தார்கள், மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனுமதி கொடுத்தது, ஆனால் சதுப்பு நிலங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன்பிறகு பாதை தள்ளிப் போடப்பட்டது. சதுப்பு தப்பியது, சரி. ஆனால் புதுக் கோடு வேறு ஆட்களின் வீட்டுக்கும் காணிக்கும் மேலால் போனது. முதல் வரைபடத்தில் தங்கள் வீடு இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கெலனிகம, பண்டாரகமப் பக்கத்து ஆட்கள் வழக்குப் போட்டார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்று உயர் நீதிமன்றம் போனார்கள். 2004 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பாதையை இவ்வளவு மாற்றும்போது பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது இயற்கை நீதிக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அந்தத் திட்டத்தில் பொதுமக்களின் நலனும் இருக்கிறதே. காணிக்கு வரும் நட்டஈட்டுக்கு மேலதிகமாக ஆளுக்கு 75,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. சுற்றாடல் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அதோடு நிற்காமல் கடன் கொடுத்த ஆசிய அபிவிருத்தி வங்கியிடமே முறையிட்டார்கள். வங்கியின் சொந்த விசாரணைக் குழு 2005இல், வங்கி தன் விதிகளையே சரியாகப் பின்பற்றவில்லை என்று அறிக்கை கொடுத்தது. இலங்கையில் கிராமத்து ஆட்கள் ஒரு சர்வதேச வங்கியைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் றோட் வந்தது. வீட்டைக் கொடுத்தவர்களும் அதன் மேல் ஓடக் காசு கட்டத்தான் வேண்டும்.

வடக்கில் காணி பறிபோனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, தெற்கிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது பெரியவனான பிறகுதான் தெரியும். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, ஒன்றே இல்லை. ஆனால் அரசாங்கம் வரைபடத்தில் கோடு போடும்போது கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காத பழக்கம் ஒரு மொழிக்காரருக்கு மட்டும் வைத்ததில்லை.

களுத்துறை மாவட்டத்துக்குள் கட்டுவது லேசாக இருக்கவில்லை. தாழ்நிலம். உக்கிய செடிகொடிகள் நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்து, ஈரப் பஞ்சு மாதிரிக் கிடக்கும் கறுத்த மண். அதன் மேல் பாரம் ஏற்றினால் அமர்ந்துகொண்டே போகும். சில இடங்களில் கிரேனில் பெரிய பாரத்தைத் தூக்கித் திரும்பத் திரும்பப் போட்டு இடித்தார்கள். சில இடங்களில் மேலதிக மண்ணைக் குவித்து அது இறுகும்வரை விட்டுவைத்தார்கள். இன்னும் சில இடங்களில் மண்ணுக்குள் இருந்த தண்ணீரைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது வானில் போகும்போது ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் மட்டும் தெரியும். களு கங்கையும் பெந்தர கங்கையும் பெருகினால் றோட் உயரத்தில் தப்பி நிற்கும், வெலிப்பன்ன மாதிரி இடங்களில் இறங்கும் வாயில் தண்ணீருக்குள் போய்விடும். அப்படியான நாட்களில் எந்த வாயில் மூடி இருக்கிறது என்று பார்க்காமல் வெளிக்கிட வேண்டாம். அவசரத்துக்கு 1969 என்ற இலக்கம் இருக்கிறது.

வெலிப்பன்னவில் நிற்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: கழிப்பறை சுத்தம், சாப்பாடு விலை. வீட்டில் இருந்து இடியப்பமும் சம்பலும் கொண்டுபோங்கள்.

அதற்குப் பிறகு இறப்பர், கறுவா, கொஞ்சம் தேயிலை. களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் எங்கள் மலையகத் தமிழர் இன்னும் லயன் என்ற வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஹைவேயில் போகிறவர்களுக்கு அந்த லயன் தெரியாது. மண் மேடும் வேலியும் அதற்கென்றே போட்டது மாதிரி மறைக்கும். கடலும் தெரியாது. இது இந்தப் பாதையில் எனக்குப் பெரிய குறை. பழைய காலி வீதியில் பேருவளை, பெந்தோட்டை, ஹிக்கடுவை என்று கடல் ஜன்னலுக்குள் வந்துகொண்டே இருக்கும். 2004 சுனாமி அந்த வீதியையும் ரயில் பாதையையும் அடித்துப் போட்டபோது உள்ளே இந்த றோட்டின் வேலை நடந்துகொண்டிருந்தது. கடலுக்குத் தூரமாகப் போட்டதன் நன்மை அப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

பின்னதூவவில் இறங்கினால் காலி. நாங்கள் இறங்கவில்லை, ஆனால் காலியைத் தாண்டும்போது ஒரு கல்லின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் வீதியோரம் மதகுக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்திருந்த கல்லைப் பார்த்தார். அதில் மூன்று மொழியில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. 1000 பொன், 5000 வெள்ளி என்று கணக்குப் போகிறது. தேனாவரை என்பது மாத்தறைக்கு அங்கால் உள்ள தெவிநுவர. அங்கே இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்துப்போட்டார்கள். கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது, கறுவாத்தோட்டத்துக்குப் போனால் பார்க்கலாம். தெற்குக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களை நான் அங்கேதான் அனுப்புவது. "அப்ப சீனாக்காரர் காணிக்கை தந்தவையா, இப்ப கடன் தருகினமா?" என்று அக்காவின் மகன் கேட்டான். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காலியில் இருந்து மாத்தறை கொடகம வரை 2014 மார்ச்சில் திறந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எல்லா வாகனமும் கொடகமவில் இறங்கிப் பழைய வீதியில் நெருக்கிக்கொண்டு போகும். 2020 பெப்ரவரி 23இல் மிச்சம் 96 கிலோமீட்டரும் திறந்த பிறகுதான் கதிர்காமம் போகிறவர்களுக்கு உண்மையான வித்தியாசம். இந்தப் பகுதியில் காட்சி மாறுகிறது. பச்சை குறைந்து காய்ந்த பற்றைக்காடு, மயில்கள். காட்டு யானை உலவும் பக்கம். வாகனம் மிகவும் குறைவு. பெலியத்த, அங்குணகொலபெலஸ்ஸ என்று வாயில்கள் வந்து போகும், ஏறுகிறவரையும் இறங்குகிறவரையும் தேட வேண்டும். ஒரு பக்கம் பிரிந்தால் 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம், நேரே போனால் 2013இல் திறந்து விமானங்களுக்காகக் காத்திருக்கும் மத்தல விமான நிலையம். முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் இது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. போக்குவரத்துக் கணக்குப் பார்த்துப் போட்ட றோட் காலி வரைக்கும், மிஞ்சினால் மாத்தறை வரைக்கும். அதற்கு அப்பால் போட்டது அரசியல் கணக்கு. அந்த அரசியல் கணக்கின் லாபம் முருகனைப் பார்க்கப் போகும் எங்களுக்கும் கிடைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மத்தலவில் இறங்கிச் சாதாரண வீதியில் ஓடி, மத்தியானத்துக்கு முதலே மாணிக்க கங்கையில் கால் வைத்தோம். செல்லக்கதிர்காமத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டு, பின்னேரப் பூசையும் பார்த்து, இரவே திரும்பினோம். வாயில்களைத் தவிர ஹைவேயில் விளக்கு இல்லை. நித்திரை தூங்கும் ஆள் ஓட்டக்கூடாது.

திரும்பும்போது பேச்சு வடக்குப் பக்கம் போனது. அது தவிர்க்க முடியாது. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆரம்பத்தில் வடக்கு அதிவேக நெடுஞ்சாலை என்று ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அது மத்திய அதிவேக நெடுஞ்சாலை ஆனது. அதில் மீரிகமவில் இருந்து குருநாகல் வரையான துண்டு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடவத்தையில் இருந்து மீரிகம வரையான துண்டு இல்லாமல் நடுவில் மட்டும் றோட். பொருளாதார நெருக்கடியில் நின்றுபோன அந்த வேலை 2025இல் மறுபடி தொடங்கியிருக்கிறது. முடிந்தாலும் குருநாகலுக்கு அங்காலான வழி பழைய வழிதான், வவுனியாவுக்குப் பிறகு ஏ9 வீதிதான்.

"நல்லூருக்கும் இப்படி ஒன்று போட்டால் காலமை போய்ப் பின்னேரம் வரலாம்" என்றார் அம்மா.

"போடுவினம் மாமி. டிக்கட் குடுக்கிற பெட்டியை முதல் கட்டிப்போட்டு" என்றார் அத்தான்.

கொட்டாவையில் காசு கட்டிவிட்டு வெளியே வந்து ஹைலெவல் வீதியில் திரும்பவும் மாட்டிக்கொண்டோம். அந்த நெரிசலில் இருந்தபடியே அக்கா போனில் நல்லூர்த் தேருக்குப் புத்தளம் பாதையால் போகும் இரவு பஸ்ஸில் சீட் பார்த்தாள். ஜன்னல் பக்கம் எல்லாம் போய்விட்டது.