கட்டத்துக்குள் ஒரு வரி

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஓர் எழுத்தாளரின் படத்தோடு கட்டம் கட்டிய ஒரு வரியை அத்தை பகிர்ந்திருந்தார். அது அந்த எழுத்தாளரின் கருத்தல்ல. அவர் கதையில் வரும் கொடுமைக்கார மாமனார் பேசும் வசனம்.

எனக்கு 1934-இன் கலிஃபோர்னியா நினைவுக்கு வந்தது.

நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் அங்கே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவரைத் தோற்கடிக்க முனைந்த பிரசார ஆலோசகர்களான கிளெம் விட்டேக்கரும் லியோன் பாக்ஸ்டரும் அவர் எழுதிய அனைத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடந்து வரிகளைப் பொறுக்கினார்கள். திருமணத்தின் புனிதத்தில் நம்பிக்கை போய்விட்டதென்று ஒரு கதாபாத்திரம் சொன்னதுகூட, சின்க்ளேரே சொன்னதுபோல, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் முதல் பக்கத்தில் கட்டத்துக்குள் வந்தது.

சின்க்ளேர் தோற்றார்.

1933-இல் அவ்விருவரும் தொடங்கிய நிறுவனமே, தேர்தல் வியூகத்தை முழுநேரத் தொழிலாக்கிய முதல் நிறுவனமாக அமெரிக்காவில் கருதப்படுகிறது. 1942-இல் ஏர்ல் வாரன் என்பவர் கலிஃபோர்னியாவின் ஆளுநராவதற்காக உழைத்தவர்கள், 1945-இல் அதே வாரன் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை, மாநில மருத்துவர் சங்கத்துக்காக வீழ்த்தினார்கள். அந்தத் திறமையை வியக்கிறேன்; ஆனால் காப்பீடில்லாமல் போன நோயாளிகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அத்தையை அழைத்து அந்தக் கதையின் பக்கத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன். உடனே படத்தை நீக்கிவிட்டார்.

அதற்குள் சித்தப்பா அதைத் தம் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டாராம்.