ராஜாடா, கும்பிடு

"இது என்ன சாமிப்பா?"

ராமேசுவரம் கோயில் மூன்றாம் பிரகாரம். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரச் சேலை சொட்டச் சொட்ட நின்ற ஓர் அம்மா கேட்டார்.

சாமி இல்லம்மா, ராமநாதபுரம் ராஜா. முத்துராமலிங்க சேதுபதி. நீங்க நடந்து வந்த இந்தப் பிரகாரத்தைக் கட்டி முடிச்சவர்.

சிலையின் காலடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லில் ஐந்து விரல் ஈரம், நான் பார்க்கப் பார்க்கவே காய்ந்தது.

1795ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பதவியைப் பறித்துச் சிறையில் போட்டான், 1809ல் சென்னையில் கைதியாகவே இறந்துபோனார் நம்ம சேதுபதி, இந்தக் கடற்காற்றுக்குத் திரும்பவே இல்லை.

எத்தனை தடவை இவரைக் கடந்து போயிருப்பேன்! இன்றைக்குத்தான் நின்றேன், மனசு கனத்துவிட்டது.

அப்புறம் அந்த அம்மா பேரனைக் கூப்பிட்டார்.

"ராஜாடா, கும்பிடு."