வீல் ஆர்ச்சுல வந்த சின்னக் கொப்புளம்

கார கழுவி துடைச்சிட்டு இருக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. பின்னாடி இடது பக்க வீல் ஆர்ச், அதாவது சக்கரத்துக்கு மேல வளைஞ்சு நிக்கிற தகரம், அதோட ஓரத்துல பெயிண்ட் லேசா உப்பியிருந்துச்சு, சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், வெரல வச்சு அமுக்கினா உள்ள ஏதோ நொறுங்குற சத்தம். கேட்டதும் வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அதே எடத்துல நாலு வருஷம் முன்னாடிதான் டிங்கரிங், பள்ளத்த நிரப்புற பட்டி, பெயிண்ட்னு எல்லாம் வெளிய கொடுத்து பண்ணி வாங்கிட்டு வந்தேன். வாங்கும்போது கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

அப்பா வாங்கின வண்டி, 26 வருஷம் ஆச்சு. இஞ்சின் இன்னும் ஒரே சாவில எழுந்துக்கும். இஞ்சின் போனா கூட வேற ஒண்ணு எறக்கிக்கலாம், கியர்பாக்ஸ் போனா மாத்திக்கலாம், ஆனா பாடி இத்துப்போச்சுன்னா அப்புறம் வண்டின்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. அதனால இந்த தடவ நானே உக்காந்து பண்றதுன்னு முடிவு பண்ணேன், வெல்டிங் ஓரளவு பழக்கம் உண்டு, மீதிய கத்துக்கிட்டேன். மூணு மாசம் சனி ஞாயிறு எல்லாம் இதுலயே போச்சு. பழைய வண்டி வச்சிருக்கிற யாருக்காவது உதவும்னுதான் எழுதறேன்.

மொதல்ல ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணில சுத்தி ஆர்ச் முழுக்க மெதுவா நகத்திப் பாத்தேன். நல்ல தகரம் இருக்கிற எடத்துல கப்புன்னு பிடிக்குது, கொப்புளத்த சுத்தி ஒரு சாண் தூரத்துக்கு பிடிப்பே இல்லாம வழுக்கிட்டு விழுது. அப்படின்னா அங்க பெயிண்டுக்கு அடியில இருக்கிறது தகரம் இல்ல, கனமா பட்டி. பழைய கார் வாங்கப் போறவங்க பாக்கெட்டுல இந்த காந்தம் ஒண்ணு போட்டுக்கிட்டு போங்க, வீல் ஆர்ச், கதவோட கீழ் ஓரம், கதவுக்கு கீழ ஓடுற சில், இந்த மூணு எடத்துல வச்சு பாத்தாலே வண்டியோட கதை பாதி தெரிஞ்சிடும்.

அடுத்து திருப்புளி. கொப்புளத்துல வச்சு லேசா ஒரு குத்து, பெருசா அழுத்தவே இல்ல, பிஸ்கட்டுல போற மாதிரி பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. கிரைண்டர்ல வயர் வீல் மாட்டி தேய்க்க ஆரம்பிச்சதும் பட்டி ஒரே துண்டா பேந்து கீழ விழுந்துச்சு, எடுத்து அளந்து பாத்தா கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் கனம். அதுக்கு பின்னாடி மடிச்சு திணிச்ச நியூஸ்பேப்பர். ஈரமா. பேப்பர எடுத்து பிழிஞ்சா பழுப்பு தண்ணி சொட்டுது. அந்த பேப்பர கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஓட்டைய அடைக்காம, ஓட்டைக்குள்ள பேப்பர திணிச்சு, மேல பட்டிய அப்பி, பெயிண்ட் அடிச்சு கொடுத்திருக்காங்க. நாலு வருஷமா அந்த பேப்பர் தண்ணிய குடிச்சு குடிச்சு சுத்தி இருந்த நல்ல தகரத்தையும் தின்னு தீத்திருக்கு.

பட்டியில குத்தம் இல்ல, நல்ல தகரத்து மேல 2, 3 மில்லிமீட்டருக்குள்ள மேடு பள்ளத்த சரி பண்றதுக்கு அத விட நல்லது எதுவும் கிடையாது. ஆனா அது ஈரத்த உறிஞ்சும், ஓட்டைய மூடுற சாமான் அது இல்ல. அதோட இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு இடத்த அடைச்சுக்கும், அதனாலதான் பெயிண்ட் உப்புது, பட்டி விரிசல் விடுது. மேல எவ்ளோ அழகா மூடினாலும் அடியில துரு உயிரோட இருந்தா அது பெயிண்ட தூக்கிட்டு வெளிய வந்தே தீரும்.

எனக்கு இதுல புரிஞ்ச பெரிய விஷயம், இந்த மாதிரி துரு வெளிய இருந்து உள்ள போறதில்ல. கல்லு பட்டு பெயிண்ட் தெறிச்ச எடத்துல வர்றது வேற, அது மேலாப்புல நிக்கும், தேய்ச்சா போயிடும். ஆர்ச், சில், கதவு அடி இதெல்லாம் ரெண்டு தகரம் சேந்த பெட்டி மாதிரி, உள்ள மண்ணும் தண்ணியும் போய் தேங்கி, உள் பக்கமா அரிச்சுக்கிட்டே வந்து கடைசியாதான் வெளிய கொப்புளமா தெரியும். வெளித் தகரம் மொத்தமே 0.8 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், அத அரிக்க எவ்ளோ நேரம் ஆகும் சொல்லுங்க. உப்பு கலந்த தண்ணின்னா இன்னும் வேகம்.

சரி தண்ணி ஏன் தேங்குச்சு? சில்லோட அடியில தண்ணி வடியறதுக்குன்னே கம்பெனில சின்ன சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. படுத்து டார்ச் அடிச்சு தேடினேன், இடது பக்கம் ஒண்ணு கூட காணோம். அதே பழைய வேலையில அடியில கறுப்பா ரப்பர் கோட்டிங் ஒண்ணு அடிச்சு விட்டாங்க, அது எல்லா ஓட்டையையும் அடைச்சிருக்கு. ஒரு கம்பிய விட்டு குத்தினதும் மொதல்ல சேறு, அப்புறம் தண்ணி, ஒரு டம்ளர் இருக்கும், கழுவி ரெண்டு வாரம் கழிச்சும் உள்ள நின்னுட்டு இருந்த தண்ணி. துருவுக்கு எதிரா அடிச்ச கோட்டிங்கே துருவ வளத்திருக்கு. அடியில கோட்டிங் அடிக்கக் கூடாதுன்னு சொல்லல, துருவ எடுக்காம அது மேல அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், ஓட்டைகள டேப் போட்டு மறைக்காம அடிச்சா இந்த கதிதான்.

இப்ப வர்ற கார்களுக்கு இவ்ளோ பிரச்சனை இல்ல, பலதுலயும் தகரத்துல துத்தநாகம் பூசியே வருது. போர்ஷே 911-க்கு 1975-லயே அப்படி பூசின பாடி கொடுக்க ஆரம்பிச்சாங்க, ஆடி 100-க்கு 80-கள்ல வந்துச்சு. நம்ம கையில இருக்கிற பழைய வண்டிகள் பலதும் வெறும் இரும்பு, மேல பெயிண்ட், அவ்ளோதான்.

எத தேய்ச்சா போதும், எத வெட்டணும்னு பிரிக்கிறதுதான் அடுத்த வேலை. மேலாப்புல செம்மண் கலர்ல இருக்கிற துருவ 80 நம்பர் உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி வர்ற வரைக்கும் தேய்ச்சேன். குழி குழியா விழுந்து, கருப்பு புள்ளி மட்டும் விடாம நிக்கிற எடத்துக்கு துரு கன்வர்ட்டர், துருவ வேற படலமா மாத்திடுற திரவம். டானிக் ஆசிட் இருக்கிறது துருவோட சேந்து கருநீலமா மாறிடும், பாஸ்பாரிக் ஆசிட்ல சாம்பல் கலர்ல ஒரு படலம் நிக்கும். ரெண்டுமே மெல்லிசா இருக்கிற துருவுலதான் வேலை செய்யும், செதில் செதிலா நிக்கிற துரு மேல ஊத்தினா மேல் தோல் மட்டும் கருக்கும், அடியில அப்படியேதான் இருக்கும். அப்புறம் எந்த கன்வர்ட்டர் மேல எந்த பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில அடிக்கிற மொத பூச்சு, ஒட்டும்னு டப்பாவுல போட்டிருக்கும், அத படிக்காம எபாக்சி பிரைமர் அடிச்சா சில சமயம் தோலா உரிஞ்சு வந்துடும்.

ஓட்டை விழுந்த எடத்துக்கு ஒரே வழி, வெட்டி எடுத்து புது தகரம் வைக்கிறது. நான் மொதல்ல கொஞ்சமா வெட்டினேன், ஓரம் இன்னும் மெல்லிசு, மறுபடி வெட்டினேன், இன்னும் மெல்லிசு. நல்ல கனமான தகரம் வர்றதுக்குள்ள ஓட்டை என் உள்ளங்கைய விட பெருசாயிடுச்சு. அந்த நேரத்துல மனசு ஒரு மாதிரி ஆகத்தான் செய்யும், ஆனா அங்க நிறுத்திடக் கூடாது, மெல்லிசு தகரத்துல வெல்டிங் நிக்காது. அட்டையில அச்சு வெட்டி, அத தகரத்துல வச்சு வரைஞ்சு, தகரக் கத்தரியால வெட்டி, ஆர்ச்சோட வளைவுக்கு சுத்தியல் வச்சு தட்டித் தட்டி கொண்டு வந்தேன். அதுக்கே ரெண்டு ஞாயிறு.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க, உள்ள கார்பெட், சீட், சத்தம் அடக்குற தார் ஷீட் எல்லாத்தையும் எடுத்துடுங்க, பெட்ரோல் டேங்க், குழாய் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துக்கிட்டு அப்புறம் கைய வைங்க. என் வண்டியில பெட்ரோல் ஊத்துற குழாய் வலது பக்கம், அதனால தப்பிச்சேன், இடது பக்கமா இருந்திருந்தா கழட்டாம தொட்டிருக்கவே மாட்டேன். தீயணைப்பான் பக்கத்துலயே இருக்கணும், வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் அந்த எடத்த விட்டு நகரக் கூடாது.

கம்பி தானா வெளிய வந்து உருகுற மிக் வெல்டிங், 0.6 மில்லிமீட்டர் கம்பி. மொத தடவ டிரிக்கர அழுத்தினதும் டப்புன்னு தகரத்துல ஓட்டை. இன்னொரு தடவ, இன்னொரு ஓட்டை. பக்கத்துல இருந்த பழக்கமான வெல்டர் அண்ணன் சொன்னாரு, "தம்பி, கோடு இழுக்காத. பொட்டு வை. ஒரு பொட்டு வச்சதும் கைய எடுத்துடு, அடுத்தத எதிர்ப்பக்கம் வை." அதேதான். ஒரு பொட்டு, ஆற விட்டு, தூரமா இன்னொரு பொட்டு, சுத்தி வந்து நடுவுல நடுவுல நிரப்பிக்கிட்டே போகணும். ஒரே எடத்துல சூடு சேந்தா தகரம் நெளிஞ்சு அலை அலையா ஆயிடும், அப்புறம் அத மறைக்க மறுபடி கிலோ கணக்குல பட்டிதான். விழுந்த ஓட்டைக்கு பின்னாடி ஒரு செம்புக் கட்டிய அணைச்சு பிடிச்சேன், செம்புல வெல்டிங் ஒட்டாது, ஓட்டை மட்டும் அழகா நிரம்பிடும்.

ஒண்ணு சொல்லியே ஆகணும், சில்லும் ஜாக்கி வைக்கிற எடமும் வண்டியோட எலும்பு மாதிரி, அங்க ஓட்டை விழுந்தா ஃபைபர், பட்டின்னு எதையும் அப்பாதீங்க, அது நீங்களும் உங்க வீட்டு ஆளுங்களும் உக்காந்து போற வண்டி. வெல்டிங் தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடுங்க, ஆனா வெட்டினதுக்கு அப்புறமும் வெல்டிங் முடிஞ்சதுக்கு அப்புறமும் பட்டி போடறதுக்கு முன்னாடி வந்து பாப்பேன்னு சொல்லிட்டு கொடுங்க. ஒரு போட்டோவாவது கேளுங்க.

வெல்டிங்க ஃப்ளாப் டிஸ்க் போட்டு சமமாக்கி, தின்னர் வச்சு துடைச்சு, அன்னைக்கே எபாக்சி பிரைமர் அடிச்சுட்டேன். நாளைக்கு பாத்துக்கலாம்னு வெறும் தகரத்த விட்டா காத்துல இருக்கிற ஈரமே போதும், காலையில மஞ்சள் பூத்திருக்கும். இணைப்பு எல்லாத்துலயும் தண்ணி புகாம அடைக்கிற சீலர். அதுக்கு மேல மெல்லிசா பட்டி, அத இறுக வைக்கிற ஹார்ட்னர் பட்டியோட எடையில 2 சதவீதம் போல, கூட போட்டா கையில இருக்கும்போதே இறுகிடும். தேய்க்கும்போது மேல கறுப்பு ஸ்ப்ரேய பொடியா தூவிட்டு தேய்ச்சா பள்ளத்துல மட்டும் கறுப்பு நிக்கும், எங்க இன்னும் வேலை இருக்குன்னு கையில தடவிப் பாக்கிறத விட தெளிவா தெரியும். பெயிண்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கலர் நம்பர் ஒண்ணா இருந்தாலும் 26 வருஷம் வெயில்ல இருந்த பெயிண்டோட ஒத்துப் போகாது, அதனால சுத்தி கொஞ்ச தூரம் கலந்து விட்டு, கலர் இல்லாத மேல் பூச்சான கிளியர் கோட்ட பேனல் முழுக்க அடிச்சேன். ஹார்ட்னர் கலக்குற கிளியர்ல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுக்கு ரொம்ப கெடுதல், சாதாரண மாஸ்க் அதுக்கு ஆகாது, வெளிய இருந்து காத்து வர்ற மாஸ்க் இல்லன்னா அந்த ஒரு வேலைய மட்டும் பெயிண்டர்கிட்ட விட்டுடறது நல்லது.

நான் ரொம்ப நேரம் செலவு பண்ணினது அதுக்கு அப்புறம்தான், வெளிய யாருமே பாக்காத எடத்துல. வெல்டிங் பண்ணின எடத்தோட பின்பக்கம் பெயிண்ட் எல்லாம் வெந்து போய் வெறும் இரும்பா நிக்குது, அத விட்டா மறுபடி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கேவிட்டி வேக்ஸ்னு ஒண்ணு, பெட்டி மாதிரி மூடின எடத்துக்குள்ள அடிக்கிற மெழுகு, நீள குழாயோட நுனியில சுத்தி நாலா பக்கமும் தெளிக்கிற நாசில். ரப்பர் மூடிய கழட்டி, குழாய கடைசி வரைக்கும் விட்டு, மெதுவா இழுத்துக்கிட்டே அடிக்கணும். அடிச்சுட்டு கீழ படுத்து பாத்தேன், கம்பி விட்டு தொறந்த அந்த ஓட்டைகள் ஒவ்வொண்ணுலயும் தேன் கலர்ல ஒரு சொட்டு எறங்கி தொங்குது. எல்லா எடத்துக்கும் போய் சேந்திருக்குன்னு அதுல தெரியும். சொட்டு நின்னதும் கம்பிய விட்டு ஓட்டைய மறுபடி தொறந்து விட்டேன், இல்லன்னா வேக்ஸும் இறுகி அடைச்சுக்கும். இத பெயிண்ட் முழுசா முடிஞ்ச அப்புறம்தான் அடிக்கணும், முன்னாடியே அடிச்சா வேக்ஸ் பட்ட எடத்துல பெயிண்ட் பிடிக்காம கண்ணு கண்ணா விட்டுடும்.

ஒண்ணரை வருஷம் ஆச்சு இப்போ. ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் அடியில டார்ச் அடிச்சு அந்த ஓட்டையில தண்ணி சொட்டுதான்னு பாக்கறேன், சொட்டுது. போன வாரம் போன்ல மாட்டுற சின்ன கேமரா ஒண்ண சில் உள்ள விட்டு பாத்தேன், பொட்டு வச்ச தடம் எல்லாம் வரிசையா தெரியுது, மேல வேக்ஸ் மினுமினுன்னு. வலது பக்க பின்கதவோட கீழ் ஓரத்துல காந்தம் ஒரு எடத்துல சரியா பிடிக்கல. அடுத்த சனிக்கிழமை அத கழட்டறேன்.