அம்மான் கழுத்துக்கு எந்த டை முடிச்சு?

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அம்மான் கழுத்தில் ஒருவழியாக டை முடிச்சு உட்கார்ந்தது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன், முடிச்சுக்குக் கீழே துணி நடுவில் மடிந்து விழவேண்டிய குழி இன்னும் ஒழுங்காக விழவில்லை. ஆனால் மூன்று வாரமாக என்னைப் படுத்தியெடுத்த டை நீளம் சரியாகிவிட்டது.

அடுத்த மாதம் அம்மான் மகளுக்குக் கல்யாணம். திருப்பூட்டு (தாலி கட்டுவது) கண்டனூர் வீட்டில், சாயங்காலம் காரைக்குடியில் வரவேற்பு. அதற்கு அம்மானுக்குக் கோட்டும் டையும் வேண்டுமாம். காரணம், முகப்பில் மாட்டியிருக்கும் ஐயாவின், அதாவது அம்மானுடைய அப்பச்சியின் (அப்பாவின்) பினாங்குப் படம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சின்ன முடிச்சு, நல்ல இறுக்கம், லேசாக ஒருபக்கச் சாய்வு. சந்தேகமே இல்லை, ஃபோர்-இன்-ஹேண்ட் என்ற ஒல்லி முடிச்சு. "அப்பச்சி மாதிரியே கட்டிவிடுடா" என்றார் அம்மான். ஐயா ஒட்டடைக்கம்பு உடம்பு. அம்மானுக்குக் காலர் 17½, கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது, அதற்குக் கீழே கௌரவமான தொந்தி.

உருண்டை முகத்துக்கும் குட்டைக் கழுத்துக்கும் ஒல்லியான முடிச்சு, நீளக் கழுத்துக்கு அகல முடிச்சு என்று எல்லாரும் ஒப்பிப்போம். அந்தக் கணக்கில் அம்மானுக்கு ஃபோர்-இன்-ஹேண்ட்தான். கட்டினேன். மெல்லிய பட்டு டை, சட்டையோ வாய் விரிந்த காலர். இரண்டு காலர் முனைகளுக்கும் நடுவே கொட்டைப்பாக்கு ஒன்றை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. சரி என்று நேர் எதிராக முழு விண்ட்சர் என்ற அகல முடிச்சைப் போட்டேன். எட்டு அசைவும் துணியைத் தின்றுவிட்டு டையின் நுனி தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. பெரிய பக்கத்தை இன்னும் இறக்கி ஆரம்பித்தால், சின்ன பக்கம் இரண்டு விரல் நீளத்துக்கு வால்போல மிஞ்சுகிறது, பிடித்து இழுக்கக்கூட முடியவில்லை. 58 அங்குல டையில் அந்தக் கழுத்தையும் அந்த வயிற்றையும் தாண்டி வர வேண்டும், வேறென்ன ஆகும்? அரை விண்ட்சர் நீளத்துக்கு ஒத்துவந்தது, ஆனால் முகத்துக்குக் கீழே இட்லிமேல் இட்லி.

அப்போதுதான் உறைத்தது. நாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிச்சை முடிவு செய்வது கழுத்துச் சுற்றளவும் வயிறும் டைக்குள்ளே வைத்துத் தைக்கும் உள்துணியான கேன்வாஸும்தான். முடிதுறந்த இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட், அதாவது விண்ட்சர் கோமகனே விண்ட்சர் முடிச்சுப் போட்டவரில்லை. உள்ளே தடிமனாகக் கேன்வாஸ் வைத்துத் தைத்த டையில் சாதாரண ஃபோர்-இன்-ஹேண்ட் கட்டிக்கொண்டார். முடிச்சு பருமனாகத் தெரிந்தது அதனால்தான்.

கடைசியில் கைகொடுத்தது பிராட் முடிச்சு. அமெரிக்காவில் ஜெர்ரி பிராட் என்ற பெரியவர் டான் ஷெல்பி என்ற டிவி செய்தியாளருக்குக் கற்றுக்கொடுத்து, 1989இல் பத்திரிகையில் வந்து பிரபலமானது. டையைப் புரட்டி, தையல் வெளியே தெரியும்படி போட்டு ஆரம்பிக்க வேண்டும். ஐந்தே அசைவு, விண்ட்சரைவிட மூன்று குறைவு. அம்மானுக்கு நுனி பெல்ட் பக்கிளில் வந்து தொட்டது. முடிச்சும் காலர் வாயை நிரப்பியது, மூஞ்சியை அமுக்கவில்லை.

சொல்வதற்கு லேசாக இருக்கிறது, கட்டுவதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் என் கழுத்தில் கட்டித் தளர்த்தி, கழற்றி அவருக்கு மாட்டினேன். என் காலர் 15. தளர்த்தும்போது முடிச்சு சின்ன பக்கத்தின்மேல்தான் வழுக்குகிறது. ஆகவே அந்த இரண்டரை அங்குலமும் சின்ன பக்கத்திலிருந்துதான் போகிறது. அது பெரிய பக்கத்துக்குப் பின்னால் அதைச் செருகும் பட்டைக்கு எட்டாமல் மேலே ஏறிக்கொள்கிறது. தலைவழியாக இறக்கும்போது முடிச்சும் நசுங்குகிறது. எதிரே நின்று கட்டலாம் என்றால் இடம் வலம் மாறிக் கை குழம்புகிறது. பின்னால் நின்றுதான் கட்ட வேண்டும், ஆனால் அம்மான் என்னைவிட அரை அடி உயரம். கடைசியில் அவரை வாசலில் நிறுத்திவிட்டு நான் திண்ணைமேல் ஏறி நின்று, தோளுக்கு மேலாகக் கையை விட்டுக் கட்டினேன். எதிரே வாசல் தூணில் ஒரு கண்ணாடியைச் சாய்த்துவைத்தோம். பக்கத்துவீட்டு ஆச்சி இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். "எனக்குத் திருப்பூட்டு நடந்தப்பகூட இவ்வளவு நேரம் நிக்கலையேடா" என்றார் அம்மான்.

இனி குழி. பெரிய பக்கத்தை முன் வளையத்துக்குள் விட்டு இறக்கியதும், இறுக்குவதற்கு முன்னாலேயே ஆள்காட்டி விரலை நடுவில் அழுத்தி, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் இரு ஓரத்தையும் கிள்ளிப் பிடிக்க வேண்டும். அந்தக் கிள்ளலை விடாமல் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். முடிச்சு விரலைக் கவ்விய பிறகுதான் விரலை உருவ வேண்டும். என் கழுத்தில் பத்துக்கு ஒன்பது தடவை விழுகிறது. அம்மான் கழுத்தில் இடது பக்கம் ஒதுங்கி ஓடுகிறது. பின்னால் நிற்பதால் என் கை நேராகக் கீழே இழுக்காமல் என் பக்கமாகச் சாய்த்து இழுக்கிறது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நேற்று பதினான்கு தடவை கட்டியதில் மூன்றில்தான் குழி நடுவில் விழுந்தது. அதில் ஒன்று அம்மான் தும்மியதும் போய்விட்டது. வியர்வை வேறு. பட்டு ஈரமானால் குழி நிற்பதே இல்லை, நம்மூர் வெயிலில் சாயங்கால வரவேற்பு என்றாலும் ஏசி மண்டபம்தான் வேண்டும்.

மாப்பிள்ளைக்கு அந்தத் தொல்லையே இல்லை. நீளக் கழுத்து, ஒல்லி உடம்பு. போன ஞாயிற்றுக்கிழமை முழு விண்ட்சர் போட்டேன், முதல் தடவையிலேயே குழியோடு வந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டுகிறேன்.

டை வாங்குவதுதான் பெரும்பாடு. ஊரில் ஏழெட்டுக் கடை ஏறினேன், எல்லாம் ஜிப் வைத்த ரெடிமேட் டை, இல்லையென்றால் பள்ளிக்கூட எலாஸ்டிக் டை. "முடிச்சுப் போடாத டை இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்க்கிறார். ஆன்லைனில் வரவழைத்த ஒன்று 58 என்று போட்டிருந்தது, அளந்தால் 55. திருப்பி அனுப்பிவிட்டேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் இனாமல் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு தகரப்பெட்டி, அதற்குள் ஐந்து பழைய டை. இரண்டைப் பூச்சி அரித்திருந்தது. மிச்சம் மூன்றையும் பேரம் பேசாமல் வாங்கினேன். உள்ளே கம்பளிக் கேன்வாஸ், எடுத்துப் பார்த்தாலே கனம் தெரிகிறது.

அதைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து புத்தி வேறுபக்கம் போய்விட்டது. கண்டாங்கிச் சேலைத் துணியில் ஒரு டை தைத்தால் என்ன? அரக்கு, கடுகு மஞ்சள் கட்டம், கெட்டிப் பருத்தி. துணியை 45 டிகிரி சாய்வில் வெட்ட வேண்டும். 1920களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் காப்புரிமை வாங்கிய முறை அது. சாய்வில் வெட்டினால் கட்டமெல்லாம் டைமண்டாகத் திரும்பிவிடும். பருத்தியின் கெட்டிக்கு ஃபோர்-இன்-ஹேண்டே பருமனாக நிற்கும். அம்மானுக்கு வேண்டிய 61 அங்குலமும் நம் கையில். ஐயாவின் முடிச்சையே அவருக்குப் போட்டுவிடலாம்! டெய்லரிடம் சொன்னேன். சேலையைக் குறுக்கே வெட்டுவதா என்று பதறிப்போனார். ஆத்தாவிடம் பழைய கண்டாங்கி ஒன்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

கேம்பிரிட்ஜில் ஃபிங்க், மாவ் என்ற இருவர் 1999இல் கணக்குப் போட்டு டையில் 85 விதமாக முடிச்சுப் போடலாம் என்றார்கள். அதில் நான் கட்டிப் பார்த்தது பதினொன்று. மற்றதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மான் திரும்ப வருகிறார். இந்தத் தடவை கண்ணாடியைத் தூணில் கொஞ்சம் உயர்த்தி வைத்து, வலது முழங்கையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டு நேராக இழுத்துப் பார்க்கப் போகிறேன்.