டோவர் வரிசையில் ஒரு லொறிச் சாரதி

பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமையில் பிரான்சுக்குக் கப்பல் போகும் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்ற எந்தச் சாரதிக்கும் விருப்பமிராது. எனக்கு அன்று அதுதான் வாய்த்தது. ஃபோக்ஸ்டனைத் தாண்டி ஏ20 சாலையில் ஏறியதுமே, லொறிகள் இடது தடத்தில் நிற்க வேண்டும் என்ற அறிவிப்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

'டாப்' என்று நாங்கள் சொல்லும் இந்த ஏற்பாடு 2015இல் வந்தது. துறைமுகம் நிரம்பினால், அங்கே போகும் லொறிகளை ஊருக்கு வெளியே சைகை விளக்கில் நிறுத்தி, உள்ளே இடம் காலியாகக் காலியாக விடுவார்கள். மற்ற வாகனங்கள் வலது தடத்தால் போய்விடும். வரிசை குறையவில்லையே என்று திட்டுகிற சாரதிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டோவரில் வெண்பாறைக்கும் கடலுக்கும் நடுவே துறைமுகத்தை அகட்ட இடம் ஏது? நாங்கள் ஊருக்குள் நின்றால் அங்குள்ளவர்கள் வீடு போய்ச் சேர முடியாது. டோவருக்குப் போகும் மற்றொரு சாலையான ஏ2 வழியாகக் குறுக்கே புகப் பார்ப்பவர்களைப் பொலிஸார் திருப்பி வரிசையின் வாலுக்கே அனுப்புவதும் நியாயம்தான்.

என் வயிற்றெரிச்சல் வேறு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். வரிசையிலோ இருபது நிமிடம் நின்றதும் முன்னால் இருப்பவர் நகர்வார். நானும் நகர வேண்டும். வண்டி உருண்டதுமே, ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் டாக்கோகிராஃப் கருவி அதை ஓட்டிய நேரமாகப் பதிந்துவிடும், எடுத்த ஓய்வு முறிந்துவிடும். இறங்கிப் போகக் கழிப்பறையும் கிடையாது. போத்தலை நம்பியிருக்கும் தொழில் இது.

நம் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. 2022 முதல், சரக்கின் சுங்கப் பதிவுகளை ஒன்றாக இணைக்கும் ஜிஎம்ஆர் எண் இல்லாமல் கப்பலேற முடியாது. அதையும் பிரெஞ்சுச் சுங்கத்துக்கான பார்கோடையும் கிளம்புமுன்பே அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வாயிலுக்கு வந்த பிறகு தேடுபவர் பின்னால் நிற்பவர்களையும் சேர்த்துத் தாமதிக்கிறார். பிரெஞ்சுப் பொலிஸார் டோவரிலேயே கடவுச்சீட்டைச் சோதிக்கிறார்கள். பிரித்தானியாவும் பிரான்சும் 2003இல் செய்த லு துக்கே ஒப்பந்தப்படி அந்தச் சோதனை இக்கரையில்தான். கார்களும் பேருந்துகளும் குவியும் நாட்களில் அங்கே மெதுவானால் ஏ20 வரை எல்லாமே நின்றுவிடும்.

கப்பலில் ஒன்றரை மணி நேரம். அப்போதுதான் 45 நிமிட ஓய்வு முழுதாகக் கிடைத்தது. பிரெஞ்சுக் கரையிலுள்ள கலேயை நெருங்கும்போது கப்பலின் திரையில் என் வண்டி எண் பச்சையில் வந்தது. செம்மஞ்சள் என்றால் சுங்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

2015 கோடையில் எம்20 நெடுஞ்சாலையே லொறி நிறுத்துமிடமாகிப்போன பிறகு, ஸ்டான்ஃபோர்ட் கிராமத்தருகே 3,600 லொறிகளுக்கு ஒரு தரிப்பிடம் கட்ட அரசு திட்டமிட்டது. மதிப்பீடு 25 கோடி பவுண்டு. சூழல் ஆய்வு தொடர்பான வழக்கு வந்ததும் 2017இல் அதைக் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. வண்டியை நகர்த்தாமல் 45 நிமிடம் நிற்க ஓரிடமும் கழிப்பறையும் இருந்தால் போதும், 'டாப்' விளக்கு எத்தனை மணி நேரம் சிவப்பாக இருந்தாலும் நான் முறையிட மாட்டேன்.