காரைக்குடித் தொகுதியின் பூத் கணக்கைக் கைப்பேசியில் திரட்டுவது எப்படி

வாக்கு எண்ணும் நாளில் எல்லோர் கண்ணும் டிவியில் ஓடும் முன்னிலை எண்ணில்தான் இருக்கும். அந்த எண்ணைச் சரிபார்க்க உதவும் கணக்கு, ஓட்டுப்பதிவு முடிந்த மாலையே பூத் ஏஜெண்டின் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. அதுதான் அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டைக் காட்டும் 17சி படிவத்தின் நகல்.

தேர்தல் நடத்தும் விதிகளின் 49எஸ் விதிப்படி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கிருக்கும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் இந்த நகலைத் தர வேண்டும். வாக்காளர் நேரே கேட்டு வாங்க வழியில்லை. ஏஜெண்டுகளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரே பூத்துக்கு எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவரிடமிருந்து நகலின் படம் வந்தால், மூன்றாவது ஆளைத் தேட வேண்டியதில்லை.

பூத்துக்குள் கைப்பேசி கூடாது. வெளியே வந்த பிறகு, தாளைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். கார்பன் நகல் மங்கலாக இருக்கும், ஃபிளாஷ் போட்டால் இன்னும் வெளிறிவிடும். கன்ட்ரோல் யூனிட் (ஓட்டைப் பதிந்து வைக்கும் இயந்திரம்) எண், பதிவான மொத்த ஓட்டு, கையெழுத்து மூன்றும் படத்தில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி எழுத்து கலங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புக்குப் பெயர் 184-112 என்பதுபோல: 184 காரைக்குடித் தொகுதி, 112 பூத். வாக்காளர் அதிகம் என்று பிரித்த துணைச் சாவடியாக இருந்தால் 112ஏ. இந்த 'ஏ'வை விட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் செட்டிநாட்டு வீடுகளின் வளவுக்குள் (உள்முற்றப் பகுதி) சிக்னல் நிற்காது, முகப்புக்கு வந்து அனுப்பச் சொல்லுங்கள்.

கூகுள் ஷீட்டில் இருவர் தனித்தனியே ஏற்ற வேண்டும். கையெழுத்தில் 1ம் 7ம், 4ம் 9ம் மாறும். இரண்டு ஷீட்டும் ஒத்துப்போகாத வரியை மட்டும் படத்தோடு பாருங்கள். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டுப் பழகிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

எண்ணும் அறைக்குள்ளும் ஏஜெண்டுக்குக் கைப்பேசி கிடையாது. பூத் வாரியான மொத்தத்தை அச்சடித்துக் கொடுத்து அனுப்புங்கள். 14 மேசை என்றால் முதல் சுற்றில் முதல் 14 பூத். துணைச் சாவடி நடுவே வந்தால் வரிசை தள்ளிப்போகும், அதனால் மேசை எண்ணை நம்பாமல் யூனிட் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்பாளர்கள் ஓட்டையும் நோட்டாவையும் கூட்டினால் 17சி மொத்தம் வர வேண்டும். தபால் ஓட்டு இதில் சேராது.

ஐம்பதோ அதற்கு மேலோ கூடுதலாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, காலையில் சோதனைக்காகக் குறைந்தது ஐம்பதாகப் போட்ட மாதிரி ஓட்டு அழிக்கப்படாததை. அப்படிப்பட்ட இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். முன்பு, வெற்றி வித்தியாசம் ஒதுக்கிய பூத்துகளின் ஓட்டைவிடப் பெரிதாக இல்லையென்றால்தான் விவிபேட் சீட்டை (ஓட்டுப் போட்டதும் அச்சாகும் தாள்) எண்ணுவார்கள்; 2025 முதல் இப்படிப்பட்ட எல்லா பூத்துக்கும் எண்ணுகிறார்கள். முன்னிலையைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்பும் ஏஜெண்டுகள் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். வித்தியாசம் சிறிதானால் சில பூத்தின் ஓட்டே முடிவைத் தீர்மானிக்கும்: 2009இல் காரைக்குடியும் அடங்கிய சிவகங்கை மக்களவைத் தொகுதியின் வித்தியாசமே 3,354 ஓட்டு.

பிறகு வெளியாகும் இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் பூத் வாரி எண் இருக்கும். அதையும் உங்கள் ஷீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தேர்தல் வழக்குக்கு முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள் கெடு. அதுவரை அசல் நகலைக் கார்பன் உரசி அழியாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கும்படி ஏஜெண்டிடம் சொல்லிவிடுங்கள்.